நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக் குயில்

18 ஜனவரி 2025, சனி

பொங்கல் லீவுக்குள் திருத்திவிடலாம் என்று பள்ளியிலிருந்து தூக்கிவந்த பத்தாம் வகுப்புத் தாள்கள் நாற்பத்தொன்று. இன்றைக்கு நான்கு திருத்தினேன். நான்கிலும் நெய்தலுக்குத் தெய்வம் முருகன். ஏரியும் கடலும் சுற்றிக் கிடக்கிற ஊரில் பிறந்துவிட்டு, முருகனை மலையிலிருந்து இறக்கிப் பழவேற்காட்டுக்கே கூட்டிவந்துவிட்டார்கள்.

ஐந்தாவது தாளை எடுக்கும்போது மஞ்சு வந்தாள். எதிர்வீட்டு சகாதேவன் அண்ணனின் மகள். பொன்னேரியில் பி.ஏ. தமிழ், கடைசி வருஷம். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை என்னிடம் படித்தவள், அதனால் தெருவில் பார்த்தாலும் நான் 'டீச்சர்'தான். கையில் என் நாவல். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சளும் பச்சையுமாகச் சீட்டு ஒட்டியிருந்தாள்.

"டீச்சர், புராஜெக்டுக்கு உங்க புக்கத்தான் எடுத்திருக்கேன். 'நாவலில் பறவைக் குறியீடுகள்.' பிரசாந்த் சார் ஓகே பண்ணிட்டாரு. மார்ச்ல டிபார்ட்மெண்ட் கருத்தரங்குல வாசிக்கணும், நீங்க கண்டிப்பா வரணும்."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நாவல் வந்து இரண்டு வருஷம். முந்நூறு பிரதி. இந்த ஊரில் அதை வாங்கியவர் எங்கள் தலைமையாசிரியர் ஒருவர்தான், அவரும் பின்னட்டையைத் தாண்டவில்லை. இப்போது ஒரு பெண் வரி வரியாகப் படித்து அடிக்கோடு போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"வேற புக்கே கிடைக்கலையா உனக்கு?" என்றேன்.

அவள் சிரித்தாள். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நினைத்துவிட்டாள்.

19 ஜனவரி, ஞாயிறு

ஒரு தாள்கூடத் திருத்தவில்லை.

23 ஜனவரி, வியாழன்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது பறவையை இழுக்காமல் எழுதிப் பார்க்கிறேன்.

மஞ்சுவைப் பெற்றவள், அவள் அம்மா என்று கூப்பிடுகிற காந்தா அக்கா இல்லை. அக்காவின் தங்கை நாகம்மாள். என் நாகு. ஒன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், ஐந்தோடு நின்று மீன் கூடை தூக்கப் போனவள். இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால், கல்யாணம் ஆகாமல், அவளுக்கு நாள் தள்ளிப்போனது. ஆள் யார் என்று எழுத மாட்டேன். அவன் போனான், திரும்பி வரவில்லை.

காந்தா அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தை இல்லாமல் இருந்த நேரம். தனக்குத்தான் நின்றிருக்கிறது, டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார் என்று ஊரில் சொல்லிவிட்டு, தங்கையைத் துணைக்கு என்று கூட்டிக்கொண்டு எளாவூரில் ஒரு உறவுக்காரி வீட்டுக்குப் போய்விட்டாள். நானும் பாதி நாள் அங்கேதான் இருந்தேன். அக்கா குழந்தையோடு திரும்பினாள். ஊர் நம்பியது. ஊரில் தெரிந்தவர்கள் நாங்கள் நான்கு பேர்தான். அக்கா, சகாதேவன் அண்ணன், நாகு, நான். அப்புறம் வந்த என் வீட்டுக்காரருக்குக்கூட நான் சொன்னதில்லை. நாகு கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டாள். பெற்ற மகள் அவளை 'சித்தி' என்கிறாள்.

என் நாவலில் மனிதர்கள் கதை ஒன்று, பூவரச மரத்துப் பறவைகள் கதை ஒன்று. நாகுவின் கதையைப் பறவைகள் பக்கம் வைத்தேன். காக்கைக் கூட்டில் முட்டை வைத்துவிட்டு, தினமும் அந்த மரத்துக்கு வந்து பாடிவிட்டுப் போகிற குயில். பறவை என்றால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். பெரிய கெட்டிக்காரி!

எழுதிக்கொண்டிருந்த நாளில் நாகு ஒருமுறை கேட்டாள். ஏரிப் பறவைகளைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "பறவைக்கு இன்னாத்துக்குடி இவ்ளோ பேப்பரு?" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

1 பிப்ரவரி, சனி

மஞ்சு பட்டியல் போட்டுக்கொண்டு வந்தாள். பூநாரை: சீசனுக்கு வந்து படம் பிடித்துவிட்டுப் போகிற வெளியூர்க்காரர்கள். கூழைக்கடா: ஏலத்துக்கு வருகிற வியாபாரிகள். நீர்க்காகம்: நாள் முழுக்க முங்கி எழுந்துவிட்டுக் கரையில் சிறகு காயவைத்து நிற்பதால், எங்கள் ஆண்கள். இதில் ஒன்றைக்கூட நான் நினைத்து எழுதவில்லை. ஆனால் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் மாசிலாமணி கிழிந்த வலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "கூழக்கடான்னா கூழக்கடாதாம்மா. வலையில பூந்து மீன் திருடும். அதுக்கு மேல அதுக்கு இன்னா அர்த்தம்?" என்றார். மஞ்சு அதையும் குறித்துக்கொண்டாள்.

"குயில்தான் டீச்சர் பிடிபடல."

நான் தயாராக இருந்தேன். குயில் என்றால் கலை என்றேன். கலைஞன் தன் படைப்பை ஊரிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கிறான், படைப்பு இனி அவனுடையது இல்லை, அப்படி இப்படி என்று பத்து நிமிஷம் அளந்தேன். வகுப்பில்கூட இவ்வளவு சரளமாகப் பேசியது கிடையாது. அவள் ஒரு வரி எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலைன்னா அது எதுக்கு டீச்சர் அவ்ளோ அழுவுது?"

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

8 பிப்ரவரி, சனி

பக்கம் 112. 'முட்டை பொரிந்த அன்று குயில் மல்லிகைக் கொடியில் இறங்கிற்று. பூக்களின் மேல் மார்பை வைத்து அழுத்திக்கொண்டு கிடந்தது. பூக்கள் வாடின. வேறு பூக்களைத் தேடி நகர்ந்தது.'

சென்னையில் ஒரு சிறுபத்திரிகை இந்த இடத்தை மாய யதார்த்தம் என்று மெச்சி எழுதியது. அந்தத் துண்டைக் கத்தரித்து பீரோவில் வைத்திருக்கிறேன்.

"டீச்சர், ஒரு பறவை எதுக்கு மல்லிப்பூல மார வெச்சு அமுத்திக்கும்?"

"வாசனைக்கு."

"பறவைக்கு மோப்பம் கம்மின்னு சுவாலஜி மேடம் சொன்னாங்க டீச்சர்."

மாய யதார்த்தமாம்! எளாவூரில் நாகுவுக்குப் பால் கட்டிக் கல்லாகிவிட்டது. குழந்தை அடுத்த அறையில், அக்கா மடியில், புட்டிப்பால் பிடிக்காமல் அழுதுகொண்டிருந்தது. இவளிடம் கொடுத்தால் அப்புறம் பிரிக்க முடியாது என்று அக்கா கொடுக்கவில்லை. பால் வற்றுவதற்கு மல்லிப்பூ வைத்துக் கட்டுவார்கள் இல்லையா, நான்தான் கட்டிவிட்டேன். வாட வாட மாற்றினேன். நாகு தாவணி முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அதை எடுத்துக் குயிலுக்குக் கொடுத்து, வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டி அழகு பார்த்திருக்கிறேன். தூ! என்ன ஜென்மம் நான்?

எதற்கு மல்லிப்பூ என்று இந்தத் தெருவில் பிள்ளை பெற்ற எவளைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். மஞ்சு கேட்காமல் இருக்க வேண்டும். அவள் கேட்காமல் இருக்கிற பெண்ணா?

10 பிப்ரவரி, திங்கள்

பள்ளி விட்டதும் நேராக மார்க்கெட்டுக்குப் போனேன், நாகுவிடம் சொல்லிவிடுவது என்று. வாயைத் திறப்பதற்குள் அவள், "ஏரி நண்டு கீது, நல்லா சதை. மாசிலாண்ணனுக்குப் புடிக்கும், எடுத்துக்கினு போ" என்று பையைப் பிடுங்கிப் போட்டாள். நண்டோடு வீட்டுக்கு வந்தேன்.

ஊரில் எல்லாருக்கும் பாடம் சொல்கிற வாய். அங்கே நண்டு என்ன விலை என்று கேட்டதோடு சரி.

16 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் மாசிலாமணி என் நாவலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷமாகத் தொடாதவர். மஞ்சு இவ்வளவு கேட்கிறாளே, அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கிறாராம். விரல் வைத்துப் படித்தார். திடீரென்று, "ருக்கு, இது சகாதேவன் அண்ணன்தான?" என்றார்.

அவர் விரல் இருந்த வரி: 'வடக்குப் பாட்டில் முறை வந்தும் ஒருவன் வலை போடாமல் கரையேறிப் போன நாள் அது. அன்றுதான் காக்கைக் கூட்டில் குஞ்சு வாய் திறந்தது.'

ஏரியில் எங்கள் ஊருக்கு உள்ள மீன்பிடி இடங்களைப் பாடு என்போம். இன்ன நாள் இன்ன வீடு என்று முறை. முறை வந்த நாளில் வீட்டில் சாவு விழுந்தாலும் பங்காளியாவது போய் வலை போடுவான். யாரும் விட்டுக்கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, ஒரு தரம் தவிர.

"கொழந்தைய கூட்டியார எளாவூருக்குப் போறேன்னு பாட்ட வுட்டுட்டுப் போனாரே. ஊரே சிரிச்சுதே, பொம்பளப் புள்ளைக்காவ பாட்ட வுட்டாம்பான்னு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொன்னவர் மறுபடி அந்த வரியைப் பார்த்தார். முந்தைய பக்கத்தைத் திருப்பினார். "குயிலு…" என்றார். அப்புறம் புத்தகத்தை மூடிக் கீழே வைத்தார்.

"நாகுவா?"

நான் குனிந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். அது போதுமாக இருந்தது அவருக்கு.

பேரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், மரத்தை மாற்றினேன், வருஷத்தைச் சொல்லவே இல்லை. இந்த ஒரு வரியை மாற்ற வேண்டும் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை? பாடு விட்டுக்கொடுத்த மனுஷன் என்பது அவ்வளவு பிடித்திருந்தது, அதனால்தான். எழுதும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. சென்னையில் படிக்கிறவனுக்கு அது ஒன்றும் சொல்லாது. எங்கள் ஊரில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆளுக்கு அது ஒன்றே போதும்.

"இன்னாத்துக்கு இத எழுதின?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

20 பிப்ரவரி, வியாழன்

நாகுவிடம் சொல்லிவிட்டேன். முழுவதும். அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள், நான் முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"பூவு கட்டனதும் கீதா அதுல?"

"கீது."

"அப்போ நாம ரெண்டு பேருதான அங்க இருந்தோம்."

"ஆமா, நாகு."

"எங்கம்மாக்கே காட்டல நானு. உனக்கு மட்டுந்தான் காட்டினேன்."

மன்னித்துக்கொள் என்றேன். எடுத்துவிடுகிறேன், கிழித்துவிடுகிறேன், மஞ்சுவிடம் வேறு புத்தகம் எடுக்கச் சொல்கிறேன் என்று என்னென்னவோ உளறினேன். அவள் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள்.

"அது வந்து கேட்டா பொய் சொல்லு. உனக்கு அது நல்லா வருது." அப்புறம், "எந்திரிச்சு வூட்டுக்குப் போ, ருக்கு" என்றாள்.

'டி' போடவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை.

24 பிப்ரவரி, திங்கள்

தெருவில் எதிரே வந்தாள். செல்லைப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள். அவளுக்குச் செல்லில் பார்க்க என்ன இருக்கிறது?

3 மார்ச், திங்கள்

மதியம் நான்காவது பீரியட் முடிந்து ஓய்வறைக்கு வந்தேன். மஞ்சு போன் செய்தாள்.

"டீச்சர், பாடுக்கு ஒரு அடிக்குறிப்பு போடணும்னு நைனாகிட்ட கேட்டேன். அது நான்தாம்மா, உன்ன கூட்டியாரத்தான் போனேன்னாரு. ரொம்ப பெருமையா சொன்னாரு. சித்திதான் அம்மாவுக்குத் துணைக்கு அங்க இருந்துச்சாம்."



"மல்லிப்பூ எதுக்குன்னும் கேட்டுட்டேன். ஃபிரெண்டோட அம்மாகிட்ட."

பக்கத்தில் கணக்கு டீச்சர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

"எளாவூருக்கு நீங்களும் போனீங்களா டீச்சர்?"

நாகு சொல்லியிருந்தாள், பொய் சொல்லு என்று. அவள் எனக்கு வைத்த ஒரே வேலை. இல்லை என்று சொல்லியிருந்தால் முடிந்தது. இல்லைம்மா, நான் எதுக்குப் போறேன், கதைதானே அது என்று சொல்லியிருக்கலாம். இப்போது எழுதும்போது எவ்வளவு சுலபமாக வருகிறது பார்!

"போனேன்" என்றேன்.

வைத்துவிட்டாள்.

4 மார்ச், செவ்வாய்

நாகு வீட்டு வாசலில் நின்று சொன்னேன், மஞ்சுவுக்குத் தெரிந்துவிட்டது என்று. அவள் திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய்ச் சாமி படத்துக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள். நான் வாசலிலேயே நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

9 மார்ச், ஞாயிறு

மஞ்சு ஆறு நாளாக ஊருக்கு வரவில்லை. அனுப்பம்பட்டில் சிநேகிதி வீட்டில் தங்கிப் புராஜெக்ட் எழுதுகிறாளாம். காந்தா அக்கா என்னிடம் வந்து குறைப்பட்டாள். "போன் பண்ணா 'ம்' கொட்டுது ருக்கு, அதுக்கு மேல ஒரு வார்த்த இல்ல. யாராச்சும் பையன் விஷயமா? உங்கிட்ட எதுனா சொல்லுச்சா?"

இல்லை அக்கா என்றேன். நாகு சொன்னது சரி. நன்றாகத்தான் வருகிறது எனக்கு.

என்ன எழுதுகிறாள் அங்கே? மேடையில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவாளோ? இருபது வயது. கோபம் வந்தால் பின்னால் பார்க்கிற வயதா அது? பிரசாந்த் சாருக்குப் போன் செய்து வாசிப்பை நிறுத்தச் சொல்லலாமா என்று நம்பரை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். எந்த முகத்தோடு நிறுத்தச் சொல்வது?

14 மார்ச், வெள்ளி

கருத்தரங்கு. முன்வரிசையில் என்னை உட்காரவைத்தார்கள். காந்தா அக்கா, சகாதேவன் அண்ணன், நாகு மூவரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மஞ்சுவே நாகுவுக்குப் போன் செய்து, "சித்தி, நீ வரணும்" என்றாளாம். வரும்போது பஸ்ஸில் அக்கா சொன்னாள். நாகு நீலப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

மஞ்சுவின் முறை வந்தது. பூநாரை, கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் மளமளவென்று போனது. மாசிலாமணியின் திருட்டுக் கூழைக்கடாவுக்கு அரங்கம் சிரித்தது.  அப்புறம் அவள் ஒரு தாளைத் திருப்பி, "ஆசிரியர் இரண்டு பறவைகளைத் தவறாக எழுதியிருக்கிறார்" என்றாள். வாசித்ததை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

"ஒன்று, காக்கை. அடுத்தவர் முட்டையைத் தன் முட்டை என்று நம்பிய ஏமாளி என்கிறார் ஆசிரியர். ஆனால் அதே பக்கத்தில் ஒரு மனிதர் தன் பாட்டை விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறார். எங்கள் ஊரில் அதை யாரும் ஏமாந்து செய்ய மாட்டார்கள். இந்தக் காக்கைகளுக்குத் தெரியும். தெரிந்துதான் வளர்த்தன.

"இரண்டு, குயில். கூவுவது ஆண் குயில். பெண் குயிலுக்குப் பாட்டு கிடையாது. கிக் கிக் என்று ஒரு சத்தம், அதைக் குயில் என்றே பலருக்குத் தெரியாது. முட்டை வைத்த குயிலை ஆசிரியர் இருநூறு பக்கம் பாடவைத்திருக்கிறார். மிக அழகான பாட்டு. ஆனால் அது அந்தக் குயிலின் குரல் இல்லை. ஆசிரியரின் குரல். அந்தக் குயிலிடம் யாரும் கேட்கவே இல்லை."

கை தட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். சகாதேவன் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காந்தா அக்காவுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் நாகுவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். நாகு மேடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாவலாசிரியர் பதில் சொல்லலாம் என்று பிரசாந்த் சார் மைக்கை நீட்டினார். எழுந்தேன். "மஞ்சு சொன்னது சரி" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். அடக்கமான எழுத்தாளர் என்று அதற்கும் கை தட்டினார்கள்.

முடிந்ததும் மஞ்சு என்னிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"கோவமா டீச்சர்?"

"நான் எப்படிம்மா கோவப்படறது?"

"எனக்கு உங்க மேல கோவம்தான். ஆனா நீங்க எழுதலன்னா எனக்கு யாரும் சொல்லியிருக்கவே மாட்டாங்க. அதை நெனச்சா இன்னும் கோவம் வருது."

பிறகு கடைசி வரிசைக்குப் போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன்.

18 மார்ச், செவ்வாய்

பதிப்பாளர் போன் செய்தார். கருத்தரங்குச் செய்தி பார்த்தாராம், இரண்டாம் பதிப்பு போடலாம் என்கிறார். குயில் பகுதி முழுவதையும் எடுத்துவிட்டுப் போடுவதானால் போடுங்கள் என்றேன். அதை எடுத்தால் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்றார். அப்படியானால் வேண்டாம் என்றேன்.

30 மார்ச், ஞாயிறு

நாகு பேசவில்லை. சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் பொய். இறங்குகிறது. ஆனால் நண்டு வாங்க வேறு ஆளிடம் போகிறேன், அந்தப் பெண் எடை போடும்போது நாகு இரண்டு கூடை தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். வாய்விட்டு அழ வேண்டும் போல இருக்கிறது, மார்க்கெட்டில் டீச்சர் எப்படி அழுவது?

23 ஏப்ரல், புதன்

விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் பொன்னேரி போகக் காலை பஸ். நிற்கக்கூட இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினால், மூன்று பேர் சீட்டில் காந்தா அக்கா ஜன்னலோரம், நடுவில் மஞ்சு, இந்தப் பக்கம் நாகு. மஞ்சுவுக்குச் சென்னையில் எம்.ஏ. சேர விண்ணப்பம் வாங்கப் போகிறார்கள் என்று அக்காதான் சத்தமாகச் சொன்னாள். நாகு முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சு தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா பக்கம் சாயவில்லை, நாகுவின் தோளில் சாய்ந்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நாகு அந்தத் தோளை அசைக்காமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். திருப்பத்தில் பஸ் சாய்ந்தபோதுகூட அவள் சாயவில்லை. அக்கா அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அப்புறம் தன் துண்டை எடுத்து மஞ்சுவின் கழுத்துக்கு அண்டை கொடுத்தாள்.

டிரைவர் பிரேக் போட்டார். கம்பியை விட்டுவிட்டேன், பை தோளிலிருந்து நழுவியது. நாகு என் முகத்தைப் பார்க்கவில்லை. தோள் அசையாமல் ஒரு கையை மட்டும் நீட்டினாள், பையைக் கொடு என்று.

கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டாள். பொன்னேரி வரை வைத்திருந்தாள்.